பாட்டுக்கு முன்னால் ஒரு ‘ட்ச்’

அந்த வீட்டில் எந்தப் பொருளும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிட முடியாது. குழாய்க்காரர் இரும்பு வாளிக்குள் தலையை விட்டு ‘ஆ’ என்பார். நாலு அங்குலப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் வாயையும் மறு முனையில் மைக்கையும் வைப்பார். செத்துப்போன டெலிபோனின் காதுப் பக்கத்தைக் கழற்றி, அதையே மைக்காக மாற்றிப் பேசினால் ஆள் மலைக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று கண்டுபிடித்த அன்று சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டுக் குழாயில் வரும் வேண்டாத சத்தத்தை நிறுத்துவது அவர் தொழில். ஏழாம் நாள் தன் வீட்டில் அதே சத்தத்தை உட்காரவைத்து உபசரிப்பது அவர் கிறுக்கு.

ஒரே குறை. எந்த வாளிக்குள் போட்டு எடுத்தாலும் அவர் குரல் அவர் குரலாகவே திரும்பி வந்தது. கெடுப்பதற்கும் ஒரு நல்ல குரல் வேண்டியிருக்கிறது. அந்த நல்ல குரல் அடுப்படியில் இருந்தது.

மனைவி பாத்திரம் கழுவும்போது மட்டும் பாடுவாள், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு. ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் வாயடைக்க வைத்த மனிதர், தன் வீட்டு அடுப்படிக் குழாயை மட்டும் பதினோரு வருஷமாகத் தொடவில்லை. அது கடகடவென்று கத்தினால்தான் யாருக்கும் கேட்காது என்று நம்பி அவள் பாடுவாள். அவர் கூடத்தில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. “கைய நீட்டுங்க, விரல மடக்குங்க, வலிக்காது” என்பாள். நிஜமாகவே வலிக்காது. வலிக்காதக்கா என்றுதான் ஊரில் பெயர். அந்தக் குரலை மைக் முன்னால் கொண்டுவருவதுதான் வலித்தது. பத்து வயதில் அவள் பாட்டை வீட்டில் டேப்பில் பதிந்து போட்டுக் காட்டினார்கள். தம்பி கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அன்றிலிருந்து அவனுக்கு அவள் கிறீச்சிடும் ‘கதவு’. ஆளுக்கு முடி நரைத்தும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

“ஒரே ஒரு பாட்டு” என்று குழாய்க்காரர் கேட்பதும், “பாத்திரம் கெடக்கு” என்று அவள் போவதும் வருஷக்கணக்கில் நடந்தது. ஒரு நாள் அவளே வந்து நின்றாள்.

“பாடுறேன். ஆனா நான்தான்னு ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது. முக்கியமா என் தம்பிக்கு.”

“எனக்கே தெரியாதபடி பண்ணிடறேன்.”

“தெரிஞ்சுதுன்னா அதோட சரி. அப்புறம் அடுப்படியிலயும் பாட மாட்டேன்.”

பதினோரு வருஷத்து ரகசியச் சொத்தை ஒரே பந்தயத்தில் வைப்பதா? வைத்தார்.

ஞாயிறு மத்தியானம் மெத்தையைச் சுவரில் சாய்த்து, பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் மைக்கைத் தொங்கவிட்டார். அவள் மைக்குக்கு முகம் காட்டாமல் புடவைகளைப் பார்த்துப் பாடினாள். மூடிய குழாய்க்குள் தண்ணீர் யாரிடம் பேசும் என்று அவர் எழுதிய பாட்டு. நாலே முறை. பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்தக் குரலை அவர் பாடாய்ப் படுத்தினார். பழைய ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதை வாளிக்குள் கவிழ்த்து, வாளியின் சத்தத்தைத் திரும்பப் பதிந்தார். மச்சான், அதாவது அவள் தம்பி, கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, சத்தத்தின் அளவைச் சிவப்புக் கோடு தாண்டித் தள்ளினார். உருண்டையாக இருந்த அலைகள் உச்சி தட்டையாகி, குரலில் துரு ஏறிப் பொறி பறந்தது. பழுதில்லாத குரலைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, கெட்டதை மட்டும் போட்டுக் காட்டினார்.

“இது யாரு?” என்றாள்.

“அதான் வேணும்னு சொன்ன.”

“ஏதோ ஆத்திரக்காரி மாதிரி இருக்கா.” கொஞ்ச நேரம் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கா.”

கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த மச்சான் கைக்குப் பாட்டு போனது. “யாரு மாமா இந்தப் பொம்பள? மண்டைக்குள்ளயே நிக்கிறா” என்றான். “தெரிஞ்சவங்க” என்றார் குழாய்க்காரர். அவன் தன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினான். பதினைந்து நாளில் பஸ்ஸில் கேட்டது, பேக்கரியில் கேட்டது. அவள் காய்கறிக்கடையில் அதைக் கேட்டுக்கொண்டே முகத்தை மரமாக வைத்துக்கொண்டு தக்காளி பொறுக்கினாளாம்.

ஒரு சாயங்காலம் முடிவெட்டும் கடையில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். அவர் தொட்டிக்குக் கீழே படுத்து மரையை முறுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலியில் கழுத்துவரை துணியைப் போர்த்திக்கொண்டு மச்சான். பாட்டு ஓடியது.

“ஒரு வேடிக்க சொல்றேன், கேளுங்க” என்றார் கடைக்காரர். “இந்தப் பாட்டு வந்ததுலேர்ந்து வர்றவங்கல்லாம் கைய நீட்டி விரல மடக்குறாங்க. சின்னவங்க, பெரியவங்க எல்லாரும். நேத்து ஒருத்தர் சட்டக்கையவே மேல சுருட்டிட்டாரு. எனக்குமே இடது கை தானா நீளுது. கத்தரி புடிக்கிற கையா இருந்தா ஒரு காது போயிருக்கும்.”

குழாய்க்காரர் கீழே இருந்தபடி பார்த்தார். மச்சானின் இடது கை துணிக்கு வெளியே நீண்டு, உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் மடங்கியிருந்தன. அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு ‘ட்ச்’.

ஊசி உள்ளே போவதற்கு முன் அவள் நாக்கைத் தட்டும் சத்தம். அவள் செய்வது அவளுக்கே தெரியாது. துணிந்து எதையாவது தொடங்கும்போதெல்லாம் அது வந்துவிடும். முதலில் பதிந்தபோது அது எறும்பு நடப்பதுபோல்தான் இருந்தது. ஆனால் குரலைச் சிவப்புக் கோட்டுக்கு மேல் தள்ளும்போது பெரிய சத்தம் முட்டி நின்றுவிடும். சின்னச் சத்தம் வளர்ந்து வந்து அதன் தோளுக்குச் சமமாக நிற்கும். அவளை மறைக்க அவர் செய்த வேலையே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நடுத்தெருவில் நிறுத்தியிருந்தது.

மச்சான் தன் கையைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். அதற்குள் தெரிந்த குழாய்க்காரரைப் பார்த்தான்.

“மாமா. அது கதவா?”

“மாப்ள, உன் கால்ல விழறேன், அவகிட்ட சொல்லிடாத.”

“விழத் தேவயில்ல, கீழதான கெடக்கீங்க” என்றான். ஆனால் சிரிக்கவில்லை.

அந்தச் சத்தங்களை வெட்டி எறியப் பத்து நிமிஷம் போதும். வீட்டுக்குப் போய் வெட்டினார். போட்டுக் கேட்டார். வாசல் இல்லாத வீடுபோல இருந்தது பாட்டு. எங்கே நுழைவது என்று தெரியவில்லை. வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டிவிட்டு, அவள் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள்.

“இதயா நான் எல்லார்கிட்டயும் பண்றேன்?”

“எல்லார்கிட்டயும்.”

“நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?”

“வலிக்காததுக்கு அதான் காரணம்னு நெனச்சிருந்தேன்.”

அவள் வாய் கோணியது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் வாசலில் தம்பி. ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வெட்டாத தலையோடு.

“அக்கா, இந்தப் பாட்ட நூத்திப்பத்து பேருக்கு அனுப்பியிருக்கேன். நீன்னு தெரிஞ்சிருந்தா ஒருத்தனுக்கும் அனுப்பியிருக்க மாட்டேன்.” தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்துச் சொன்னான்: “அதான் ஒரு மாதிரி இருக்கு.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எண்ணெ கொண்டு வந்தியா?”

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அடுப்படிக் குழாயையும் மிஞ்சிய சிரிப்பு.

“மொதல்ல போய் மீதித் தலைய வெட்டிட்டு வா” என்று அவனை அனுப்பிவிட்டு, கணவரிடம் திரும்பினாள். “ஞாயித்துக்கெழம இன்னொண்ணு பாடலாம். அந்த ஆத்திரக்காரி இருக்கட்டும், எனக்கு அவளப் புடிச்சிருக்கு. வாளிய மட்டும் நல்லாக் கழுவி வைங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்த முறை அவள் புடவைகளைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்து நின்றாள். குழாய்க்காரர் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு தலையசைத்தார்.

ட்ச்.

அவர் இடது கை தானாக நீண்டு, விரல்கள் மடங்கின.