தப்பாகச் செய்த சிப்பாய்கள்

கல்யாணமான புதிதில் எனக்கும் என் கணவருக்கும் வந்த சண்டையெல்லாம் பல்லவர் காலத்துச் சிப்பாய்களால் வந்ததுதான். அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு யுத்த விளையாட்டு உண்டாக்கிக்கொண்டிருந்தோம். துணியில் கட்டம் போட்டு, நடுவே பாலாற்றை வரைந்து, துண்டுத்தோலில் வெட்டிய படைகளை இரு கரையிலும் நிறுத்துவோம்.

இஷ்டத்துக்குச் சிப்பாய் செய்ய அவர் விடமாட்டார். வில்லாள் எத்தனை கட்டம் நடப்பான், யானை எதற்கு மிரளும், எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வயல்களில் நிற்கும் நடுகற்களைப் பார்க்க இழுத்துக்கொண்டு போவார். கல்லில் இருக்கிற வீரன் கையில் என்ன ஆயுதமோ, அதுதான் எங்கள் வீரனுக்கும்.

"குறுவாள் நீளம் ஜாஸ்தியா வெட்டிட்ட" என்பார்.

"கல்லுல அளந்தா பாத்தீங்க?" என்பேன்.

அளந்துவிட்டுத்தான் வந்திருப்பார் மனுஷர்.

பிறகு அவருக்குக் கான்பூரில் வேலை வந்தது. "ஆறே மாசம், வந்துடுவேன்" என்று சொல்லி ரயிலேறினார். மீதிப் படையை நான் முடித்து வைப்பதாக ஏற்பாடு.

முதல் கடிதம் வந்தது. நலம், இங்கே குளிர் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள். எத்தனை தரம் படித்தாலும் அவ்வளவுதான்.

நான் செய்த வேலையைப் பற்றி எழுதினேன். மாதனூர்ப் பக்கத்துக் கல் ஒன்றில் வீரனின் கணுக்காலில் பட்டையாக ஏதோ இருந்தது. தோல் ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறென்ன தோன்றும்? செருப்பு வார் என்று நினைத்து, காலாட்கள் பன்னிரண்டு பேருக்கும் செருப்பு மாட்டிவிட்டேன்.

பதில் நாலு பக்கம்! அது வீரக்கழல், காலில் கட்டும் அணி, செருப்பு இல்லை, உன் கண் எங்கே போயிற்று என்று ஒரே கோபம். படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிற மாதிரியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கப்புறம் வேண்டுமென்றே தப்பு செய்தேன். குதிரைக்காரன் கால் வைக்க அங்கவடி தொங்கவிட்டேன். அந்தக் காலத்தில் அது ஏது என்று ஐந்து பக்கம் வந்தது. யானைமேல் பீரங்கி ஏற்றியதாக எழுதினேன். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஆரம்பித்து ஏழு பக்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பிழையைத் திருத்தும்போதும், அடுத்து என்ன பிழை செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று. வருவதைப் பற்றி அவர் எழுதுவதும் நின்றது. வில்லாட்கள் எல்லாருக்கும் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்டேன் என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். இதற்குப் பத்துப் பக்கமாவது வரும் என்று நம்பினேன்.

ஒரு கார்டு வந்தது. "கவசம் இருக்கட்டும். உனக்குப் பிடித்திருந்தால் சரி."

இப்படி விட்டுக்கொடுக்கிற புருஷன் யாருக்கு வாய்ப்பான்? நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் கோபம் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, பதில் கார்டில் இதை மட்டும் எழுதினேன்:

"கவசம் தப்பு. எனக்கே தெரியும். ஆனா நீங்க வந்து திட்டணும்."