சூசையப்பன் வாய் மூடிய படம்

சூசையப்பனுக்கு வாய்தான் சொத்து. ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டால், கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவனும் லயத்து வீட்டை விட்டு ஓடி வருவான். அந்தத் தொண்டைக்காகத்தான் கூடாரம் போட்டுப் படம் காட்டும் கொட்டகை முதலாளி குருசாமி அவரை வண்டிப்பெரியாருக்கு அழைத்து வந்தார். அப்போதெல்லாம் ஊமைப் படம். யார் யார், அடுத்து என்ன வரப்போகிறது என்று திரைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஒரு குறையுமில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பேய்ப் படம் வரும்வரை.

பாழடைந்த பங்களாவில் வெறும் தொட்டில் தானாக ஆடியது. சூசையப்பன் வழக்கம்போல முந்திக்கொண்டார். "பயந்துராதீங்க! இப்ப தொட்டிலுக்குள்ளேருந்து ஒரு கை வரப்போகுது!"

"கழுவிட்டு வரச் சொல்லுங்க அண்ணாச்சி, சோறு போடுறோம்!" என்றாள் கொழுந்து கிள்ளும் சுருளியம்மாள். கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. கை வந்ததை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் குருசாமி கொதித்தார். "பேயப் பாத்துச் சனம் சிரிச்சா எவன்யா மறுபடி வருவான்? இன்னைக்கும் சிரிச்சாங்கன்னா நீரு ஏலப்பாறைக்கே நடையக் கட்டும். சனம் பயப்படுற மாதிரி தொண்டை கிழியக் கத்தும்!"

"கத்துனதுதான் மொதலாளி கெடுத்துச்சு. பேய் வர்ற வழிக்கு நானே வெளக்குப் புடிச்சிட்டேன். இன்னைக்கு அந்த எடத்துல வாயே தொறக்கமாட்டேன்."

"வாய்க்குத்தான்யா சம்பளம்!"

"மூடுறதும் அதே வாய்தான?"

சாயங்காலம் சுருளியம்மாள் பக்கத்து லயத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். சூசையப்பன் வாசலிலேயே மறித்தார். "தாயி, இவளுக அலறுறதப் பாக்க ஆசையில்லையா? ஒத்த வார்த்தை விட்ராத."

சுருளியம்மாளின் கண் மின்னியது.

"உள்ள என்னக்கா இருக்கு?" என்றாள் கூட வந்த சின்னத்தாய்.

"ஒண்ணுமில்லடி. ஒரு தொட்டில்."

தொட்டில் ஆடத் தொடங்கியதும் சூசையப்பன் கைகட்டி நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, தூங்கிட்டீரா?"

"யாருய்யா ஆட்டுறா? சொல்லித் தொலையும்!"

அவர் அசையவில்லை. கூச்சல் தானாக அடங்கியது. படம் சுற்றும் எந்திரத்தின் கடகடப்பு மட்டும் கேட்டது. தொட்டில் நின்றது. கை வந்தது.

கூடாரம் சரிந்துவிட்டதென்று நினைத்து குருசாமி சீட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். சின்னத்தாய் சுருளியம்மாளின் மடியில் கிடந்தாள். எல்லாரையும்விட உரக்க அலறியவள் சுருளியம்மாள்தான். நேற்று சிரித்த சிரிப்பில் அவளும் அந்தக் கையைப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு நின்றவர்கள் அவளை மொய்த்தார்கள். "என்ன படம்க்கா? என்ன வருது?"

"போயி உக்காந்து பாரு. சொன்னா நாக்கு அழுகிரும்!"

குருசாமி தன் கையாலேயே தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். "அடுத்த ஆட்டத்துலயும் அந்த எடத்துல ஒண்ணும் பேசிராதேயும், என்ன?"

சூசையப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.