மடி கொடுக்க வந்த தலைவர்கள்

என் கனவில் சாமி வருவதில்லை, செத்துப்போன சொந்தக்காரர்களும் வருவதில்லை. அரசியல்வாதிகள்தான் வருகிறார்கள். உழவர்கரையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் செய்வது என் வேலை. பகலெல்லாம் தலைவர்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, சுருக்கத்தை எடுத்து, நரைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தால் தூக்கத்தில் வேறு யார் வருவார்கள்? ஒருவர் என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து பிள்ளைச்சாவடி வரைக்கும் மீன் வாங்க வந்தார். இன்னொருவர் என் சமையலறையில் நின்றுகொண்டு, தன் மூக்கோரத்து மச்சத்தை ஏன் அழித்தாய் என்று கேட்டு அழுதார். காலையில் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பேன். "எங்க தலைவர் எதுனா சொன்னாரா?" என்று அவர் மட்டும் சிரிக்காமல் கேட்பார்.

அவர் ஒரு கட்சி, என் அப்பா எதிர்க்கட்சி. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள், அவர் கட்சியை மூடவில்லை. போன தேர்தல் சமயம் எங்கள் வீட்டில் இருவருக்கும் பேச்சு முற்றி, அப்பா பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த லட்சணத்தில்தான் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றாலும் தலைவர் படம் போட்ட பேனர் கட்டியாக வேண்டும். தன் தலைவர் இல்லாமல் பேனர் கட்டினால் கட்சிக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார் வீட்டுக்காரர். "அந்த மூஞ்சி தொங்குற எடத்துக்கு நான் வரமாட்டேன்" என்றார் அப்பா, போனில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். நான் ஒற்றைப் பிள்ளை. அந்த மடிக்கு அப்பாவை விட்டால் எனக்கு ஆளில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் யாரையாவது கூப்பிடேன் என்றார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அந்த வாரம் ஒரு கனவு. கோயில் மண்டபத்தில் ஆசாரி கம்பியோடு காத்திருக்கிறார். பலகையில் இரண்டு கட்சித் தலைவர்களும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "கொழந்தய என் மடியில வைம்மா" என்கிறார் ஒருவர். "என் மடிதான் அகலம்" என்கிறார் மற்றவர். மகள் இருவரிடமும் போகாமல் என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். நான் கூட்டத்தில் அப்பாவைத் தேடுகிறேன். வாசலில் அத்தனை செருப்பு கிடக்கிறது, அவருடையது மட்டும் இல்லை. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

காலையில் அப்பாவுக்குப் போன் போட்டுக் கனவை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எங்காளு என்னா சொன்னாரு?" என்றார்.

"மடி தரேன்றாருப்பா. குடுத்துடட்டா?"

"அவரு வெள்ள வேட்டி கட்டுறவரு. கொழந்த ஒண்ணுக்கு வுட்டா எழுந்துடுவாரு. அவருக்குலாம் இது ஆவாது" என்றார் அப்பா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எத்தினி மணிக்கு வரணும்?" என்றார்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மண்டபத்தில் வீட்டுக்காரரின் தலைவர் என் கைவண்ணத்தில் இருபது வயது குறைந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா பலகையை இழுத்துத் திருப்பி, அந்தப் பேனருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கிழக்கு பார்த்து உட்காரச் சொன்னவர்களிடம் காது கேட்காதவர் மாதிரி இருந்துகொண்டார். எனக்கு அவர் வந்ததே பெரிது.

ஆசாரி காதைத் தொட்டதும் மகள் வீலென்று கத்தி, காலை உதறி, அப்பாவின் மடியிலிருந்து நழுவப் பார்த்தாள். ஓரமாக நின்றிருந்த வீட்டுக்காரர் ஓடிவந்து முட்டிபோட்டு அவள் காலைப் பிடித்தார்.

"தலைய கெட்டியா புடிங்க மாமா."

"தலைய நான் பாத்துக்கறேன். நீங்க கால வுட்டுடாதீங்க மாப்ள."

தேர்தலுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மகள் மண்டபமே அதிர அழுதாள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.