திரையில் வந்த அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு ரிசப்ஷன். எங்கள் தெருவில் குடியிருக்கும் நர்ஸ் சுகன்யாவுக்குக் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழையும்போதே டி.ஜே. சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை. அதில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். நிஜப் பெண் இல்லை... கம்ப்யூட்டர் செய்த பெண். டி.ஜே. பிரேம் பாட்டை வேகமாக்கினால் அவளும் வேகமாகிறாள். வியர்வை கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது, பந்திக்கும் வரமாட்டாள். பக்கத்து நாற்காலிப் பெரியவர், யார் வீட்டுப் பெண் என்று என்னிடம் விசாரித்தார்.

நான் சிரித்து முடிப்பதற்குள் பாட்டு நின்றது. திரையில் சுகன்யாவின் அப்பா வந்தார்.

அவர் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடித்தவர். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். மாப்பிள்ளைதான் இந்த சர்ப்ரைஸை ஏற்பாடு செய்தவர். சுகன்யாவுக்குத் தெரியாமல் அவள் போனிலிருந்து அப்பாவின் போட்டோவையும் ஒரு வாய்ஸ் நோட்டையும் எடுத்து, கம்ப்யூட்டரில் அவரைப் பேசவைக்கச் சொல்லி பிரேமிடம் கொடுத்திருக்கிறார். ஆசையாகச் செய்ததுதான், குறை சொல்ல முடியுமா?

பட்டு வேட்டி, சால்வை, பளபளவென்று முகம். தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே, "என் அன்பு மகளே, நீடூழி வாழ்க" என்றார். மகளைப் பார்க்க எங்கள் தெருவுக்கு வரும்போது நான் கேட்ட அதே குரல்தான். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுகன்யா அழவில்லை. கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துப்போனது. கல்யாணப் பெண் சபை நடுவே மாலையைக் கழற்றுவது லேசான விஷயமா? நேராக பிரேமின் மேஜைக்கு வந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அது எங்கப்பா இல்லீங்க. அவரு ஒருநாளும் என்னை மகளேன்னு கூப்ட்டது கெடையாது. பாப்பான்னுதான் கூப்புடுவாரு."

பிரேம் பதறிவிட்டார். குரல் அசல்தான், அந்த வாய்ஸ் நோட்டிலிருந்து எடுத்ததுதான் என்றார். அதில் ஒரே இரைச்சலாம். காற்று, அலை, போட் இன்ஜின்... கஷ்டப்பட்டு அத்தனையையும் சுத்தமாக நீக்கிவிட்டாராம்.

சுகன்யா திரையைக் கைகாட்டினாள்.

"அந்த சத்தம் கேட்டாதாங்க எங்க ஊட்ல சோறு துன்னுவோம். சுத்தம் பண்ணாதத போடுங்க. படம் வேணாம்."

பிறகுதான் விவரம் தெரிந்தது. கடலிலிருந்து திரும்பும்போது, கரை நெருங்கி டவர் கிடைத்ததும் அப்பா ஒரு வாய்ஸ் நோட் போடுவார். அதில் இன்ஜின் சத்தம் கேட்டால் ஆளும் பத்திரம், படகும் பத்திரம். அதுவரை வீட்டில் யாரும் தட்டு எடுக்கமாட்டார்கள். அவர் போட்டதில் கடைசியாக மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.

பிரேம் திரையை அணைத்தார். ஸ்பீக்கரில் முதலில் காற்று வந்தது. அப்புறம் இன்ஜின். அதற்குள்ளிருந்து, கத்திப் பேசும் ஒரு குரல்.

"பாப்பா... கர தெரியுது. வந்துக்கினு கீறேன். நீ துன்னு."

அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. சுகன்யா வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மேடையேறி, மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தவித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பந்திக்கு அழைத்துப் போனாள்.

பிரேம் தம்பி, இனிமேல் எதையும் சுத்தம் செய்வதற்கு முன்னால் வீட்டுக்காரர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்... எது இரைச்சல் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.