வராமல் போன ஆறாம் பாகம்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. முன்பின் தெரியாதவர்களின் வாய்கள் பிளாஸ்டர் அச்சாக அலமாரி முழுக்கத் திறந்து கிடக்கும். அவற்றில் மெழுகு வைத்துப் பல் பதிப்பாள். கதைப் புத்தகம் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

படிப்பெல்லாம் கணவர்தான். ரயில் சிக்னல் அறையில் வேலை பார்த்தவர். பிள்ளை இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு விண்வெளிக் கதைத்தொடர் துணை. தொலைந்த மகளைத் தேடிக் கலம் ஓட்டிப் போகும் ஒருத்தியின் கதை. ஐந்தாம் பாகத்தின் கடைசி வரியில் கதவுக்கு வெளியே "அம்மா" என்று ஒரு குரல். அதோடு நின்றுவிட்டது. எழுத்தாளர் "அடுத்த வருடம்" என்று சொல்லிச் சொல்லியே பதினாலு வருடம் ஓட்டிவிட்டார்.

நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகும் கணவருக்கு அதே நினைப்பு. "எனக்கும் அந்தாளுக்கும் போட்டி. யாரு முதல்ல முடிக்கிறோம்னு பாப்போம்."

அவள் சிரிக்கவில்லை. முடிவை மட்டுமாவது சொல்லுங்கள், அவருக்கு நாள் இல்லை என்று கணவருக்குத் தெரியாமல் எழுத்தாளருக்குக் கடிதம் போட்டாள்.

பதில் வந்தபோது கணவர் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. நடுங்கும் கையெழுத்தில் இரண்டு பக்கம். கதவுக்கு வெளியே நின்றது மகள் இல்லை. மகள் என்றோ செத்துவிட்டாள். அவள் சிறுமியாக இருந்தபோது ரேடியோவில் அழைத்த குரல் வெட்டவெளியைக் கடந்து வந்து சேர அத்தனை காலம் பிடித்திருந்தது.

அடுத்த ஆண்டு எழுத்தாளரும் இறந்தார். ஆறாம் பாகத்துக்கு எழுதிய தாள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று பதிப்பகம் கைவிரித்தது.

கூடத்தில் பல்லுக்கு மெருகு போடுகிறவனைக் குச்சி என்பார்கள். அவனும் அந்தத் தொடருக்குத் தவம் கிடந்தவன்.

"சொல்லாமயே போயிட்டாருக்கா மனுஷன். ஆனா அது பொண்ணுதான். உயிரோடதான் இருக்கா. வேற யாரு அம்மான்னு கூப்பிடப் போறா?"

அவள் மெழுகில் அடுத்த பல்லைப் பதித்தாள். அன்றிலிருந்து அச்சு எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம், திறந்து கிடந்த அந்த வாய்களில் ஏதோ ஒன்று "அம்மா" என்பதுபோல இருந்தது. ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு மதியம் கடிதத்தை எடுத்துவந்து குச்சியிடம் நீட்டினாள்.

"முடிவு இதுல இருக்கு. அவரே எழுதினது."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கியவன் பிரிக்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். "நீங்க படிச்சிட்டீங்களா?"

"ம்."

"உங்க மூஞ்சியே சொல்லுதே. வேணாம்க்கா. நான் நெனச்சிட்டிருக்கிறதே எனக்குப் போதும்."

மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஐந்தாம் பாகத்தை முதல்முறையாகக் கையில் எடுத்தாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் கணவரின் பென்சில் எழுத்து: "பொண்ணா இருக்கணும். இல்லன்னா இவ தாங்கமாட்டா."

கடிதம் தாமதமாக வந்ததே நல்லது என்று அப்போதுதான் தோன்றியது. ஆனாலும் அது அவருக்காக வந்த கடிதம். அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து உரக்கப் படித்தாள். மகள் செத்துப்போன வரி வந்ததும் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"கதவத் திறந்தா. பொண்ணு நின்னுட்டிருந்தா" என்றாள்.

நாற்காலியில் யாரோ முன்னால் சாய்ந்து, "அப்புறம்?" என்று கேட்டதுபோல இருந்தது.

அப்புறம் என்னவென்று அவளுக்கும் தெரியாது. கடிதத்தை மடித்து வைத்தாள்.

"பொண்ணுக்கு நல்ல பசி" என்று தொடங்கினாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.