கேட் இல்லாத கேஷுவாலிட்டி

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் நான் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். பல்லாவரம், குன்றத்தூர், வண்டலூர் என்று மூன்று இடங்களில் கிளைகள். எல்லாவற்றிலும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு கட்டில்கள். யாரும் எண்ணச் சொல்லவில்லை. எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை அரித்துக்கொண்டிருந்த கவலை, நோயாளிகளுடன் வருகிறவர்கள் எங்கள் ஆட்களை அடிப்பது. விபத்தில் சிக்கியவரை ஆட்டோவில் போட்டுக் கொண்டு வருவார்கள். கூடவே தெருவே திரண்டு வரும். ஆள் பிழைத்தால் கும்பிடுவார்கள். இறந்துவிட்டால் கண்ணாடி உடையும், பெஞ்சு பறக்கும். இப்படி நடந்த மூன்றாவது முறை குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியால் ஒரு நர்ஸின் இடது மணிக்கட்டை உடைத்துவிட்டார்கள். அவர் நாசரேத் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து எட்டு வருடத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவர்.

மறுநாள் தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நர்ஸுங்க பதினோரு பேர் கேஷுவாலிட்டி டியூட்டி வேண்டாம்னு வந்து நிக்கறாங்க. தப்பே சொல்ல முடியாது. இதை நிறுத்தற பொறுப்பு உங்களோடது. இன்னும் ஒரே ஒரு தடவை யாருக்காவது அடிபட்டா கேஷுவாலிட்டிய மூடிடுவேன்."

"மூடினா விபத்துக் கேஸெல்லாம் எங்க சார் போகும்?"

"சிட்டிக்குப் போகட்டும்."

சிட்டிக்கு என்றால் வழியில் எத்தனை ரயில்வே கேட், எத்தனை சிக்னல் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் உயிரோடு மீனம்பாக்கம் தாண்ட மாட்டார்கள். கேஷுவாலிட்டியை மூட விடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். காவலாளிகளை நான்கிலிருந்து ஏழாக்கினேன். கேஷுவாலிட்டி வாசலில் இருந்த மடக்கு இரும்புக் கேட்டுக்குப் பெரிய பூட்டு வாங்கினேன். எங்கள் வழக்கம் இது: ஆள் இறந்ததும் டாக்டர் காவலாளிக்குக் கண்ணைக் காட்டுவார். காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டுவார். டாக்டர் பின்பக்கப் படியில் இறங்கிப் போய்விடுவார். போலீசுக்குப் போன் போகும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் கம்பிக்கு உள்ளே நின்றபடி செய்தியைச் சொல்வார். பாதுகாப்பான முறை என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

ஒரு மாலை, வெளியே காத்திருப்பவர்களோடு போய் உட்கார்ந்தேன். சட்டையைப் பார்த்து யாரும் என்னை அதிகாரி என்று நினைக்கவில்லை. பாம்பு கடித்த ஒருவர் உள்ளே இருந்தார். அவருடைய ஆட்கள் எங்களுக்கு எதிரே குந்தியிருந்தார்கள். மழைச் சாரல் அடித்ததால் காவலாளி கேட்டைப் பாதி இழுத்தார், அவ்வளவுதான். இரும்பு கிறீச்சிட்டதும் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"ஐயோ, கேட்டை இழுக்கறாண்டி! போயிட்டாருடி!" என்று ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"த்தோ, கேட்ட மூடாத! மூடின, கைய ஒடைச்சிருவேன்!" என்று ஒருவன் பாய்ந்தான்.

"சாரல்மா, சாரலு! உன் ஊட்டுக்காரரு நல்லாக்கீறாரு!" என்று காவலாளி கத்தினார். நம்ப யாரும் தயாராக இல்லை. நானே ஓடிப்போய் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் அடங்கியது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முந்தைய மூன்று சம்பவங்களையும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் முதல் அடி விழுந்தது கேட்டின் மேல். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே எங்கள் கேட் சாவுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சொல்லிவிட்டு, பார்க்க விடாமலும் தடுத்திருக்கிறது. உள்ளே என்னவோ மறைக்கிறார்கள் என்று எவனுக்கும் தோன்றத்தானே செய்யும்?

வெல்டரை வரவழைத்துக் கேட்டைக் கழற்றினேன். தலைமை டாக்டர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் செய்தேன். கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

நர்ஸுகள் என் அறைக்கு வந்துவிட்டார்கள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நாசரேத் சிஸ்டரும் வந்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"இருந்த ஒரு கேட்டையும் எடுத்துட்டீங்களே சார்! எங்களைச் சாகக் குடுக்கறீங்களா?"

"இனிமே எந்த நர்ஸும் சாவுச் செய்தி சொல்ல வேண்டாம் சிஸ்டர். டாக்டர்தான் சொல்லணும். பக்கத்துல நான் நிப்பேன். என் மேசையவே அந்த வாசலுக்கு மாத்திட்டேன்."

"நீங்க நின்னா?" என்றார் இன்னொரு நர்ஸ். "உங்களைத் தள்ளிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

யாரும் சிரிக்கவில்லை. என் எடை அப்போது ஐம்பத்திரண்டு கிலோ. கேள்வி நியாயமானது.

திரும்பி வந்த தலைமை டாக்டர் வாசலையும் என் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு தடவைன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு தடவை ஒரு பிற்பகலில் வந்தது. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் அருகே லாரியில் மோதிய இளைஞன். பீர்க்கன்கரணைக்காரன். டெம்போவிலும் சைக்கிளிலுமாகக் கூட்டம் வந்தது. முப்பத்தெட்டு வரை எண்ணினேன். அப்புறம் எண்ண மனம் வரவில்லை. கேஷுவாலிட்டியில் டியூட்டிக்கு ஆள் இல்லாததால், கட்டுப் பிரித்து ஒரு வாரமே ஆகியிருந்த நாசரேத் சிஸ்டர் தானாகவே வந்து உள்ளே நின்றார்.

பையன் பிழைக்கவில்லை. டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். கையைக் கழுவிவிட்டு, பழக்கத்தில் பின்படிப் பக்கம் நடந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"அந்தப் பக்கம் இல்ல டாக்டர்."

"சார், அடிப்பாங்க சார். எனக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம்தான் ஆகுது."

"நீங்க செஞ்ச வைத்தியத்துல ஏதாவது குறை இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப வாங்க. நான் முன்னாடி போறேன்."

வெளியே வந்து, பையனுக்கு யார் நெருக்கம் என்று கேட்டேன். நரைத்த மீசை வைத்த ஒருவர் முன்னால் வந்தார். தாய்மாமன்.

"இன்னா சார், புள்ள எப்டிக்கீறான்?"

டாக்டர் சொன்னார். தலையில் பட்ட அடி, செய்த சிகிச்சை, மூச்சு நின்ற நேரம், எல்லாவற்றையும்.

பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து டாக்டரின் காலரைப் பிடித்தான். "காப்பாத்த வக்கில்ல, கோட்டு ஒரு கேடாடா ஒனக்கு?" நான் நடுவே போனேன். அவன் முழங்கை பட்டு என் கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியது. அதற்குப் பிறகு எல்லாம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

"பாக்க வுடுவீங்களா?" என்ற தாய்மாமனின் குரல் கேட்டது.

"இப்பவே போகலாம். அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணையும் மறைக்கல."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். தடுக்க அங்கே எதுவும் இல்லை. காலரைப் பிடித்தவனும் அதைப் பார்த்தான். தாய்மாமன் அவன் கையைத் தட்டிவிட்டார். "வுட்றா அவர. ஓடாம வந்து சொல்றாரில்ல? வா, ஒன் மச்சானைப் பாப்போம்."

உள்ளே நுழைந்த கூட்டத்தில் ஒருவன் பெஞ்சை எட்டி உதைத்தான். வேறு எதுவும் உடையவில்லை. நாசரேத் சிஸ்டர் பையனின் முகத்து ரத்தத்தைத் துடைத்து, துணியைக் கழுத்துவரை இறக்கிவைத்திருந்தார். தாய் வந்ததும் கட்டிலோரம் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்தம்மாள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டே அழுதாள். போலீஸ் வந்தபோது அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. பிரேதப் பரிசோதனைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சிஸ்டர் என் மேசைக்கு வந்தார்.

"சார், எனக்கு இங்கயே டியூட்டி போடுங்க. மத்தவங்ககிட்டயும் பேசறேன். ஆனா எங்க ரூமுக்குக் கெட்டியா ஒரு கதவு வேணும், உள்பக்கம் தாழ்ப்பாளோட. எல்லா நாளும் இன்னைக்கு மாதிரியே இருக்காது."

அவர் சொன்னது சரி. அப்புறமும் கைகலப்பு நடந்தது. ஒருமுறை எனக்கும் கன்னத்தில் விழுந்தது. கதவை அந்த வாரமே போட்டுக்கொடுத்தேன், இரண்டு தாழ்ப்பாளோடு. பதினோரு பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். தலைமை டாக்டர் மூடுவதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. கிளைகளிலும் கேட்டைக் கழற்றச் சொல்லி எனக்கு உத்தரவு கொடுத்தார்.

பல்லாவரத்திலும் வண்டலூரிலும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். குன்றத்தூரில் மட்டும் அங்கிருந்த மேலாளர், "தாம்பரத்து ஜனம் வேற, எங்க ஜனம் வேற சார்" என்று மறுத்துவிட்டார். மறுவாரம் வெல்டரையும் அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே குன்றத்தூர் போனேன். என் மேசைக்கு அங்கே வாசலில் எங்கே இடம் இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.