பைய விடுங்க அண்ணாச்சி

இன்று காலைத் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. எங்கள் பழைய துறைத்தலைவர் நெல்லை வட்டாரச் சொற்களைத் தொகுத்துப் போட்டிருக்கிறார். கூடவே பாளையங்கோட்டையில் நடக்கப்போகும் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ். வாழ்த்துரைப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ப வரிசையைப் புரட்டினேன். 'பைய: மெதுவாக, பதமாக. நம் மண்ணின் அழகிய சொல்.' புத்தகத்தை மேசையில் போட்ட வேகத்தில் காப்பித் தம்ளர் கவிழ்ந்தது. இந்த வயதில் இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். விழாவுக்கு நான் போகப்போவதில்லை. ஏன் என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். விறைப்பாகக் கஞ்சி போட்ட சேலை கட்டினால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நம்பிய காலம். ஒருவரும் பயப்படவில்லை, அது வேறு விஷயம். இப்போதும் கஞ்சி வாசம் மூக்கில் ஏறினால் எனக்குத் தஞ்சாவூர்தான் ஞாபகம் வருகிறது. மாணவர்களைக் களப்பயணம் கூட்டிப் போன முதல் நாள் அப்படியொரு சேலையைக் கட்டியிருந்தேன். மதுரை தாண்டுவதற்குள் அது கசங்கி, எலுமிச்சம் சோற்றின் எண்ணெயும் பட்டுவிட்டது.

"நனைச்சுத் துடைச்சாப் போயிரும் மிஸ்" என்று தன் தாவணி முனையை நீட்டியவள் செல்வக்கனி. இரண்டாம் ஆண்டு மாணவி. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வயல் வேலை. கல்வெட்டு எழுத்தென்றால் அவளுக்குப் பைத்தியம். நூலகப் புத்தகத்தைப் பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். பரீட்சைக்காக இல்லை, சும்மா. ஊர்க் கோயில் சுவரில் விரலால் தடவித் தடவிப் பழகியிருந்தாள்.

"எங்க ஊர்ல பாதிச் சுவத்துக்கு வெள்ளையடிச்சுட்டாவ மிஸ். தஞ்சாவூர் பெரிய கோயில்ல ஒரு வரியாவது நானா வாசிச்சிரணும்."

மூன்று நாள் பயணத்தில் பெரிய கோயில் முதல் நாள் மட்டும். மற்ற இரண்டு நாளும் வேறு ஊர்கள்.

இந்தப் புத்தகம் போட்ட துறைத்தலைவரை நாங்கள் சார்வாள் என்றுதான் சொல்வோம். முன் இருக்கையில் மடியில் தோல் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேமரா. கோவில்பட்டிப் பக்கம் டிரைவரிடம் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பைய போம்வே, என்ன அவசரம்?" சுத்தமான திருநெல்வேலிக்காரர். மதுரையில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது பையைப் பேருந்து மேலே மற்ற மூட்டைகளோடு போடச் சொல்லிவிட்டார். மடி வலித்ததாம்.

தஞ்சாவூர் லாட்ஜ் வாசலில் மத்தியானம் இறங்கினோம். லாட்ஜ் ஆள் ஒருவர் மேலே ஏறிப் பைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கீழே நின்று வாங்கியவள் செல்வக்கனி. தோல் பை வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அந்த அக்கறையில்தான் கத்தினாள்.

"அண்ணாச்சி, பைய விடுங்க! பைய விடுங்க!"

அவர் கையை விட்டுவிட்டார். எங்களுக்குப் பைய என்றால் மெதுவாக. அந்தத் தஞ்சாவூர்க்காரர் காதில் அது 'பையை விடுங்க' என்று விழுந்திருக்கிறது. கேமரா உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"புள்ளதாங்க விடச் சொன்னுச்சு, விட்டேன்" என்றார் அவர், பாவம்.

"மெதுவான்னுதான சார் சொன்னேன். நம்ம ஊர்ல 'பைய'ன்னா..." என்று செல்வக்கனி ஆரம்பித்தாள்.

எங்களை வரவேற்க உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சார்வாள் அவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு புத்தகத் தமிழில் சொன்னார்: "பைய என்றால் என்ன? அப்படி ஒரு சொல்லே கிடையாது. காட்டுப் பேச்சு. பைகளைப் பற்றி இவ்வளவு தெரிந்த பெண் இங்கேயே உட்கார்ந்து பைகளைக் காவல் காக்கட்டும்."

உள்ளூர்க்காரர் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். சார்வாளின் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். கேமரா போன கோபத்தைக்கூட நான் மன்னிப்பேன். தாய் பேசிய பேச்சை, விடியற்காலையில் தானே பேசிய பேச்சை, வெளியூர்க்காரர் முன்னால் தெரியாதென்றாரே, அதை எப்படி மன்னிக்க?

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? செல்வக்கனி என்னைப் பார்த்தாள். நானும் அந்த ஊர்க்காரிதானே, 'ஆமா சார்வாள், அது நம்ம சொல்தான்' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஜூன் மாதம் என்னை மறுபடி வேலைக்கு எடுப்பது அவர் கையில் இருந்தது. சேலைக் கசங்கலை நீவிவிட்டுக்கொண்டு நின்றேன்.

கோயில் வாசலில் ஒரு பிள்ளைக்குக் கால் இடறியது. "பை..." என்று தொடங்கி, "மெதுவா" என்று முடித்தேன். என் வாயும் அவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது. சுவர் முழுக்க எழுத்து. அங்கே நின்ற வரலாற்று விரிவுரையாளருக்கு அதில் ஒரு வரியும் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவள் லாட்ஜில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் திரும்பியபோதும் அதே இடத்தில் இருந்தாள். நோட்டு மடியில் மூடியே கிடந்தது.

"எழுத்து தெளிவா இருந்துச்சா மிஸ்?"

"இருந்துச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவள் குரலை நாங்கள் கேட்கவில்லை. கட்டுரை வாசிக்கச் சொன்னால் பக்கத்துப் பெண்ணிடம் தாளைக் கொடுத்துவிடுவாள். எனக்கு ஜூனில் வேலை நீடித்தது.

போன வருடம் நெல்லைப் பக்கத்துப் பாபநாசத்தில் அவளைப் பார்த்தேன். சென்னையில் ஏதோ அலுவலகத்தில் வேலையாம். பேச்சில் ஊர் துளியும் இல்லை. படித்துறையில் நின்று, கல்வெட்டெல்லாம் பார்ப்பதுண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் விட்டாச்சு மிஸ்" என்று சிரித்தாள். தண்ணீருக்குள் நின்ற அவள் மகள், ஐந்து வயதிருக்கும், விடுமுறைக்குச் சீவலப்பேரி வந்து தாத்தா வீட்டில் பழகிய பேச்சாக இருக்கும், அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்:

"வழுக்கும்மா, பைய வா!"

செல்வக்கனி விறுவிறுவென்று இறங்கிப்போய்க் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மெதுவான்னு சொல்லு. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

குழந்தை அழுதுகொண்டே "மெதுவா" என்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், லாட்ஜ் வாசலில் பார்த்த அதே பார்வை. இந்த முறையும் நான் வாயைத் திறக்கவில்லை.